தஞ்சாவூர் செல்வோர் கேட்கும் கேள்விகள்

தஞ்சாவூர்ப் பயணம் பற்றி வாசகர்கள் எழுதிக் கேட்டவற்றுள் சில கேள்விகளுக்கு இவ்விதழில் விடையளிக்கிறோம்.

எழுபது வயதைக் கடந்த பெற்றோருடனும் பள்ளியில் படிக்கும் இரண்டு பிள்ளைகளுடனும் மே மாதத்தில் தஞ்சாவூர் செல்கிறோம். இரண்டு நாள்தான் இருக்கிறது. பெரிய கோயில், அரண்மனை, கல்லணை, திருவையாறு, சுவாமிமலை, தாராசுரம், கும்பகோணத்துக் கோயில்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா?
– வாசகி, நாகர்கோவில்

பார்த்துவிடலாம், ஆனால் ஊர் திரும்பியபின் எந்தக் கோபுரம் எந்த ஊரில் இருந்தது என்று பிள்ளைகளால் சொல்ல முடியாது. கல்லணை தஞ்சைக்கு மேற்கே இருக்கிறது. கும்பகோணமும் சுவாமிமலையும் அதற்கு எதிர்த்திசையில் இருக்கின்றன. ஆகவே பட்டியலிலிருந்து முதலில் கல்லணையை நீக்கிவிடுங்கள்.

முதல் நாள் முழுவதையும் நகருக்கே ஒதுக்கி, பெரிய கோயிலுக்கு ஒரே நாளில் இருமுறை செல்லுங்கள். மே மாத வெயிலில் பத்து மணிக்கெல்லாம் முற்றத்துக் கல் தளம் கொதிக்கத் தொடங்கிவிடும். செருப்பை வெளியே விட்டுவிட்டு அந்தப் பரந்த முற்றத்தைக் கடப்பது முதியவர்களுக்குத் தண்டனையாகவே முடியும். எனவே நடை திறக்கும் விடியற்காலையில் தரிசனத்தை முடித்துக்கொண்டு, நண்பகலில் கூரையுள்ள அரண்மனைக் கூடங்களுக்குச் சென்று, வெயில் தணிந்தபின் மீண்டும் கோயிலுக்கு வந்து முற்றத்தைச் சூழ்ந்த தூண் மண்டபமான திருச்சுற்று மாளிகையின் ஓரமாக நிதானமாக நடந்து பார்ப்பதே உகந்தது. நாள்காட்டியில் பிரதோஷம் என்றைக்கு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று மாலை நந்தி மண்டபத்தைச் சுற்றிப் பெருங்கூட்டம் கூடும். அபிஷேகம் காண விரும்புவோர் அன்றே வரலாம், சிற்பம் காண விரும்புவோர் வேறு நாளைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

இரண்டாம் நாள் காலையில் தாராசுரம், அங்கிருந்து சுவாமிமலை. அவ்வளவு போதும்.

பெரிய கோயிலில் கருவறையின்மேல் எழும் விமானத்தின் நிழல் தரையில் விழாது என்றும், உச்சியில் இருப்பது 80 டன் எடையுள்ள ஒரே கல் என்றும் பள்ளியில் படித்தேன். என் மகன் இதை நம்ப மறுக்கிறான். அவனுக்கு என்ன சொல்வது?
– வாசகர், திண்டுக்கல்

அவன் நம்ப மறுப்பதே சரி. மாலை வேளையில் விமானத்தின் கிழக்கே நின்றால் நிழலைக் கண்ணாலேயே காணலாம். அடித்தளம் அகன்று, மேலே செல்லச் செல்லக் குறுகும் கட்டடம் என்பதால் உச்சிப் பொழுதில் நிழல் அதன் அடுக்குகளின் மீதே அடங்கிவிடுகிறது. அந்த உண்மைதான் நாளடைவில் 'நிழலே விழாது' என்று வளர்ந்துவிட்டது. உச்சியிலுள்ள சிகரமும் ஒற்றைக் கல் அன்று, பல கற்களை இணைத்து அமைத்தது என்று ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள்.

இவ்விரு கதைகளையும் நீக்கிவிட்டால் வியப்பதற்கு எதுவும் மிஞ்சாதோ என்று நீங்கள் அஞ்ச வேண்டாம். கருவறையைச் சுற்றி இரண்டு பருத்த சுவர்களை எழுப்பி, அவற்றுக்கிடையே ஓர் உள்சுற்று வழியை விட்டு, மேலே போகப்போகக் கற்களை உள்நோக்கி நகர்த்தி அடுக்கி, நடுவே வெற்றிடம் உள்ள கூம்பாக 200 அடிக்கு மேல் உயர்த்தியிருக்கிறார்கள். பக்கத்தில் மலை ஏதும் இல்லாத வண்டல் நிலத்தில், கருங்கல்லைக்கொண்டு இதைச் செய்து 1010ஆம் ஆண்டில் முடித்திருக்கிறார்கள். உங்கள் மகனிடம் அந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.

கோயில் சுவர் எங்கும் கல்வெட்டு இருக்கிறது. படிக்கத் தெரியாத எங்களைப் போன்றவர்கள் அதை எப்படிப் பார்ப்பது?
– வாசகர், விருத்தாசலம்

இந்தக் கேள்வியைக் கேட்பவர் குறைவு. ஆனால் என்னைக் கேட்டால், பெரிய கோயிலில் விமானத்துக்கு அடுத்தபடியாக நேரம் செலவிட வேண்டியது இந்த எழுத்துகளிடம்தான். சில செய்திகளை முன்கூட்டியே அறிந்துகொண்டு சென்றால், எழுத்து புரியாவிட்டாலும் சுவர் பேசத் தொடங்கும்.

விமானத்தின் அடிப்பகுதியில் உள்ள கல்வெட்டில் முதலாம் இராசராசன், தான் கொடுத்தவற்றையும், தன் அக்கன் கொடுத்தவற்றையும், தன் பெண்டுகள் கொடுத்தவற்றையும், மற்றும் கொடுத்தார் கொடுத்தவற்றையும் விமானத்துக் கல்லிலே வெட்டுமாறு ஆணையிடுகிறான். அக்கன் என்பது குந்தவை. நன்கொடை தந்த எளியவர்களின் பெயரும் மன்னன் பெயர் உள்ள அதே கோயிலில் பதிய வேண்டும் என்பதே அந்த ஆணையின் பொருள். தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு 275ஆம் நாளில் விமானத்துக்குச் செப்புக் கலசம் கொடுத்ததையும் அவன் நாள் குறித்தே எழுதி வைத்திருக்கிறான்.

திருச்சுற்றுச் சுவரில் உள்ள நீண்ட கல்வெட்டு இன்னும் சுவையானது. சோழ நாட்டின் பல கோயில்களிலிருந்து தஞ்சைக்கு அழைத்து வரப்பட்ட 400 தளிச்சேரிப் பெண்டுகளின் (கோயில் ஆடல் மகளிரின்) பெயர்கள், அவர்கள் எந்த ஊர்க் கோயிலிலிருந்து வந்தவர்கள், எந்தத் தெருவின் எந்த வரிசையில் எத்தனையாவது வீட்டில் குடியமர்த்தப்பட்டார்கள் என்பன அதில் வரிசையாக வருகின்றன. ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு நூறு கலம் (கலம் என்பது பழைய முகத்தல் அளவு) நெல் வரும் ஒரு பங்கு. அவர்களைத் தொடர்ந்து நட்டுவனார், பாடுவோர், கணக்கர், குடை பிடிப்போர், விளக்கேற்றுவோர், குயவர், வண்ணார், நாவிதர், தையற்காரர் ஆகியோர் வருகின்றனர். தலைமைத் தச்சனாகிய குஞ்சரமல்லன் பெயரும் அதே பட்டியலில் இருக்கிறது. எத்தனையோ பெருங்கோயில்களைக் கட்டியவர் பெயர் நமக்குத் தெரியாத நிலையில், இங்கே விளக்கேற்றியவர்களுக்கும் பதிவு இருக்கிறது.

பிற்காலத்தவரும் எழுதாமல் விடவில்லை. தஞ்சை மராத்திய மன்னர் இரண்டாம் சரபோசி காலத்தில், 1803இல், அவருடைய போசலே மரபின் வரலாறு மராத்தியில் இங்கேயே வெட்டப்பட்டது. எட்டு நூற்றாண்டு இடைவெளியுள்ள இரு எழுத்துகளையும் அடுத்தடுத்துப் பார்த்துவிட்டு, கோயிலில் எதெது எக்காலத்தது என்று பிள்ளைகளைத் தேடச் சொல்லலாம்: அம்மன் சன்னதி பாண்டியர் காலத்தது, பெரிய நந்தியும் முருகன் சன்னதியும் நாயக்கர் காலத்தவை.

உள்சுற்றில் உள்ள சோழர் கால ஓவியங்களைக் காண அனுமதி கிடைக்குமா?
– வாசகி, சென்னை

பொதுமக்களுக்கு அவ்வழி திறந்திருப்பதில்லை. நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்த இவை 1931இல் வெளிச்சத்துக்கு வந்தன. காற்றோட்டமும் ஒளியும் குறைந்த இடுக்கான வழி அது. நாள்தோறும் ஆயிரக்கணக்கானோர் மூச்சு பட்டால் சுண்ணப் பூச்சு தாங்காது என்பதால் இத்தடை நியாயமானதே. கோயில் வளாகத்தில் தொல்லியல் துறை அமைத்துள்ள விளக்கக் கூடத்தில் இவற்றின் படங்களைக் காணலாம். சுந்தரர் வெள்ளை யானையிலும் சேரமான் பெருமாள் குதிரையிலும் கயிலைக்குச் செல்லும் காட்சியைத் தவறவிடாதீர்கள். அவசரமாக வெளியேறுகிறவர்கள் இக்கூடத்தைக் கவனிப்பதே இல்லை.

அரண்மனையில் ஒரு மணி நேரம்தான் இருக்க முடியும் என்றால் எதைப் பார்க்கலாம்?
– வாசகர், ஈரோடு

கலைக்கூடத்துக்கு நேராகச் செல்லுங்கள். திருவெண்காட்டில் கிடைத்த ரிஷபவாகன தேவரின் (காளைமேல் சாய்ந்து நிற்கும் சிவனின்) செப்புத் திருமேனி அங்கே இருக்கிறது. 1011ஆம் ஆண்டைச் சேர்ந்தது. காளை காணாமற்போய்விட்டது, அதன்மேல் சாய்ந்திருந்த கை மட்டும் வெற்றிடத்தில் அப்படியே இளைப்பாறுகிறது. தலையில் பாம்புகளைச் சேர்த்துச் சுற்றிய முடிக்கட்டை முன்னிருந்து மட்டும் பார்க்காமல், இடம் கிடைத்தால் பக்கவாட்டிலிருந்தும் பாருங்கள். மறுவருடம் செய்த தேவியின் திருமேனியும் உடன் இருக்கிறது. தாராசுரத்திலிருந்து கொண்டுவரப்பட்ட யானை உரித்த சிவன் சிற்பமும் இங்கேதான் உள்ளது.

மீதியுள்ள நேரத்தைச் சரசுவதி மகால் நூலகத்தின் காட்சிக் கூடத்துக்குக் கொடுங்கள். நாயக்கர் காலத்தில் தோன்றி, சரபோசியால் பெருகிய ஓலைச்சுவடிகளும் ஏடுகளும் பழைய படங்களும் அங்கே உள்ளன. பிள்ளைகள் பொறுமையிழந்தால் வளாகத்தில் திமிங்கலத்தின் எலும்புக்கூடு ஒன்று இருக்கிறது. அதைக் காட்டிச் சமாளிக்கலாம்.

தஞ்சாவூர் ஓவியம் வாங்க விரும்புகிறேன். ஏமாறாமல் இருக்க என்ன வழி?
– வாசகி, மதுரை

பலகை எந்த மரம், ஒட்டியிருப்பது தங்கத் தகடா வெறும் மினுக்குத் தாளா என்று இரண்டையும் நேரடியாகக் கேட்டு, விடையை விலைச்சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதித் தரத் தயங்கும் கடையில் வாங்க வேண்டாம். மினுக்குத் தாள் சில ஆண்டுகளில் கறுக்கும். மேடாகத் தெரியும் பகுதி சுண்ணத்தூளும் பசையும் சேர்த்துக் கையால் எழுப்பப்பட்டது. பல படங்களில் அது அச்சு வார்த்ததுபோல ஒரே மாதிரி இருந்தால் விலையைக் குறைத்துக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. விலையை ஒப்பிட்டுப் பார்க்க அரசின் பூம்புகார் விற்பனை நிலையத்துக்கு முதலில் சென்று வாருங்கள். சிறிய பரிசுக்குத் தலையாட்டி பொம்மையே போதும்.

தாராசுரம், கங்கைகொண்ட சோழபுரம் இரண்டில் ஒன்றைத்தான் பார்க்க முடியும் என்றால்?
– வாசகர், புதுச்சேரி

தஞ்சையில் தங்குகிறவருக்குத் தாராசுரம். கும்பகோணத்தை ஒட்டி இருப்பதால் சென்று திரும்ப அரை நாள் போதும். இரண்டாம் இராசராசன் கட்டிய அக்கோயிலில் நாயன்மார் வரலாறுகள் சிறுசிறு சிற்பங்களாகச் சுவரில் ஓடுகின்றன. கைக்கெட்டும் உயரத்திலேயே பார்க்க வேண்டியவை நிறைந்திருப்பதால் முதியவர்களும் களைப்பின்றிச் சுற்றலாம். கங்கைகொண்ட சோழபுரம் ஏறத்தாழ 70 கி.மீ. தொலைவில் உள்ளது. நீங்கள் புதுச்சேரியிலிருந்து சாலை வழியே வருகிறீர்கள் என்றால், சிதம்பரம், காட்டுமன்னார்கோயில் வழியாக வந்து, தஞ்சையை அடையும் முன்பே அதைப் பார்த்துவிடலாம். அவ்வாறு செய்தால் இரண்டில் ஒன்றை விடவேண்டிய தேவையே உங்களுக்கு இல்லை.