இடுப்புத்தளப் பயிற்சியின் நடுவே வலி திரும்பினால் பயிற்சி வீணா?

இடுப்புத்தளப் பயிற்சி (சிறுநீர்ப்பையைத் தாங்கும் இடுப்பின் அடித்தசைகளுக்கான பயிற்சி) செய்து ஐந்து வாரம் நன்றாக இருந்துவிட்டு, இப்போது மறுபடி அடிவயிற்று வலியும் சிறுநீர்க் கசிவும் என்கிறீர்கள். பெரும்பாலும் இது தற்காலிகம்தான். மலச்சிக்கல், விடாத இருமல், மாதவிலக்கு, எதுவும் கிளப்பிவிடும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் தோட்ட லயத்து வீட்டுக்கு அரிசி மூட்டை தூக்கி வந்த மறுநாள் எனக்கு வந்தது. இறுக்கும் பயிற்சியை இரண்டு மூன்று நாள் குறைத்தேன். பாயில் படுத்து, முழங்காலுக்கடியில் தலையணை வைத்து, வயிறு உப்ப மூச்சிழுத்து மெதுவாக விட்டேன். மூச்சை இழுக்கும்போது அடித்தசை தளரும். கழிவறையில் முக்காதீர்கள், காலுக்கடியில் சின்ன முக்காலி போடுங்கள். (பாட்டிமார் குந்தி உட்கார்ந்ததில் விஷயம் இருந்திருக்கிறது!) அடங்காவிட்டால் பிசியோவிடம் (இயன்முறை சிகிச்சையாளரிடம்) சொல்லிப் பயிற்சியின் அளவை மாற்றுங்கள். காய்ச்சல், சிறுநீரில் இரத்தம், சிறுநீர் அடைப்பு, தொடையிடுக்கில் மரத்துப்போதல் என்றால் மட்டும் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.