அப்பா விட்டுச் சென்ற துப்பாக்கி: முதலில் ரசீது, பிறகு உரிமம்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் தோப்பு வீட்டில் அம்மா தனியாக இருக்கிறார். அப்பா இறந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவர் உரிமம் பெற்று வைத்திருந்த இரட்டைக்குழல் துப்பாக்கி இன்னும் பீரோவில் இருக்கிறது. உரிமம் சென்ற டிசம்பரோடு காலாவதியாகிவிட்டது. மகளான நான் கோவையில் வேலை பார்க்கிறேன், தம்பி வெளிநாட்டில் இருக்கிறான். என் பெயருக்கு மாற்றித் தர ஒருவர் 80,000 ரூபாய் கேட்கிறார். குடகில் எஸ்டேட் வாங்கியிருக்கும் தாய்மாமா, "அங்கே லைசென்ஸே வேண்டாம், என்னிடம் கொடுத்துவிடு" என்கிறார். காவல் நிலையத்துக்குப் போனால் வழக்குப் போடுவார்களா? என் பெயரில் வாங்கினால், வீட்டில் துப்பாக்கி இருப்பது ஊருக்கெல்லாம் தெரிந்துவிடுமா? அம்மா தனியாக இருப்பதால் அதுவே பெரிய பயமாக இருக்கிறது.

பதில்: முதலில் ஒரு திருத்தம். உரிமம் டிசம்பரில் காலாவதியானதாக எழுதியிருக்கிறீர்கள். உரிமப் புத்தகத்தில் உள்ள தேதி அதுவாக இருக்கலாம், ஆனால் ஆயுத உரிமம் ஆளுக்குத் தரப்படுவதே தவிர துப்பாக்கிக்குத் தரப்படுவதன்று. அப்பா கண்மூடிய அன்றே அந்த உரிமத்தின் பயன் முடிந்துவிட்டது. துப்பாக்கி என்ற பொருள் நிலத்தையும் நகையையும் போல வாரிசுகளுக்கு வந்து சேரும், ஆனால் அதை வீட்டில் வைத்துக்கொள்ளும் உரிமை அப்படி வந்து சேராது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 21ஆம் பிரிவு, எந்தக் காரணத்தாலாவது ஓர் ஆயுதத்தை வைத்திருப்பது சட்டத்துக்குப் புறம்பாகிவிட்டால், தேவையற்ற தாமதமின்றி அதை அருகிலுள்ள காவல் நிலையத்திலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைக்க வேண்டும் என்கிறது. நீங்கள் இரண்டு ஆண்டுகள் கடத்திவிட்டீர்கள். அதோடு, துப்பாக்கி இருப்பது அம்மாவின் வீட்டில், அம்மாவின் பீரோவில். சாவியும் அம்மாவிடம்தான் இருக்கும். சட்டம் முதலில் கேள்வி கேட்பது அவரிடம்தான், கோவையில் இருக்கும் உங்களிடம் அல்ல.

உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருப்பதற்கு, 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, குறைந்தது 2 ஆண்டுகளும் அதிகபட்சம் 5 ஆண்டுகளும் சிறைத்தண்டனை உண்டு. இதைப் படித்ததும் தோப்புக் கிணற்றில் தூக்கிப் போட்டுவிடலாமா என்று நினைத்துவிடாதீர்கள். அப்படிச் செய்து, பிறகு "உங்கள் அப்பா பெயரில் உள்ள துப்பாக்கி எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் இல்லாமல் நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதே சட்டத்தின் 39ஆம் பிரிவு, இந்தக் குற்றத்துக்காக ஒருவர் மீது வழக்குத் தொடர மாவட்ட நிர்வாக நடுவரான ஆட்சியரின் முன்அனுமதி வேண்டும் என்கிறது. ஆட்சியரின் மேசைக்குப் போகும் கோப்பில், குடும்பமே முன்வந்து எழுத்து மூலம் தெரிவித்தது என்ற ஒரு வரி இருப்பதற்கும், சோதனையில் கைப்பற்றப்பட்டது என்ற ஒரு வரி இருப்பதற்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. வழக்கே வராது என்று நான் உறுதியளிக்க முடியாது. ஆனால் தாமாக ஒப்படைத்த குடும்பத்தின் மீது வழக்குத் தொடரப்பட்டதை என் இத்தனை ஆண்டுத் தொழிலில் நான் பார்த்ததில்லை.

ஆகவே இந்த வாரமே செய்ய வேண்டியது ஒன்றுதான். அம்மா கையெழுத்திட்டு, நிலைய ஆய்வாளருக்கு ஒரு கடிதமும் ஆட்சியருக்கு அதன் நகலும் ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலில் அனுப்புங்கள். அப்பாவின் பெயர், இறந்த தேதி, உரிம எண், துப்பாக்கியின் எண், தோட்டாக்களின் எண்ணிக்கை, ஒப்படைக்க விரும்புவதாக ஒரு வாக்கியம். இவ்வளவு போதும். தாமதத்துக்குக் கதை கட்ட வேண்டாம், நடைமுறை தெரியவில்லை என்ற உண்மையையே எழுதுங்கள். தபால் போய்ச் சேர்ந்த பிறகு, கடிதத்தின் நகல், இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகம் ஆகியவற்றுடன் துப்பாக்கியைக் காரில் எடுத்துச் செல்லுங்கள். பேருந்திலும் இரு சக்கர வண்டியிலும் கொண்டுபோக வேண்டாம்.

எடுப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இரண்டு ஆண்டுகள் மூடிக் கிடந்த துப்பாக்கியைக் காலியாகத்தான் இருக்கும் என்று நம்பிக் கையில் எடுக்கக் கூடாது. பழக்கமுள்ள ஒருவரை அழைத்து, குழல்வாயை ஆளில்லாத திசையில் தரையை நோக்கி வைத்து, விசையருகே விரல் போகாமல், மேலிருக்கும் நெம்புகோலைத் தள்ளி நடுவில் மடக்கச் சொல்லுங்கள். இரண்டு குழல்களின் வழியாகவும் மறுபக்க வெளிச்சம் தெரிய வேண்டும். தோட்டாக்கள் பெரும்பாலும் ஏதாவது ஒரு பிஸ்கட் டப்பாவில் இருக்கும். பித்தளை அடிப்பாகம் பச்சை பூத்தும், அட்டை உறை ஈரத்தில் உப்பியும் போயிருந்தால், அவற்றைத் துடைக்கவோ குழலில் நுழைத்துப் பார்க்கவோ வேண்டாம். எண்ணிக்கையை மட்டும் குறித்துக்கொண்டு தனிப் பையில் வையுங்கள். உரிமப் புத்தகத்தில் வாங்கியதாகப் பதிவாகியுள்ள எண்ணிக்கையோடு அது ஒத்துவராவிட்டால், ஒத்துவரவில்லை என்றே கடிதத்தில் எழுதிவிடுங்கள்.

நிலையத்தில் துப்பாக்கியின் எண்ணும் தோட்டாக்களின் எண்ணிக்கையும் தேதியும் முத்திரையும் உள்ள ரசீது இல்லாமல் திரும்பி வராதீர்கள். "வைத்துவிட்டுப் போங்கள், நாளைக்கு ரைட்டர் வந்ததும் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொன்னால், ரைட்டர் வரும்வரை உட்கார்ந்திருங்கள்.

இப்போது அந்த 80,000 ரூபாய்க்காரருக்கு வருகிறேன். முதலாவதாக, "பெயர் மாற்றம்" என்று ஒன்று கிடையவே கிடையாது. 2016ஆம் ஆண்டு ஆயுத விதிகள், உரிமதாரர் இறந்த பிறகு அவருடைய சட்டப்படியான வாரிசுக்குப் புதிய உரிமம் வழங்கலாம் என்கின்றன. விண்ணப்பம் வாரிசின் பெயரில், காவல் துறை விசாரணை வாரிசைப் பற்றி, கையெழுத்தும் வாரிசுடையது. இதில் தரகர் செய்ய ஒரு வேலையும் இல்லை. அரசுக்குச் செலுத்தும் கட்டணம் அவர் கேட்கும் தொகையில் ஒரு சிறு பங்குகூட ஆகாது. மீதிப் பணம் யாருக்கு என்று கேட்டால் "மேலே கொடுக்கணும்" என்பார். எந்த மேலே என்று அவரும் சொல்ல மாட்டார், நீங்களும் கேட்டுவிட முடியாது.

இதைவிடக் கொடிய வலை ஒன்று இருக்கிறது. உள்ளூரில் தாமதமாகிறது, வடக்கே ஒரு மாநிலத்தில் எடுத்துத் தருகிறேன், இந்தியா முழுக்கச் செல்லும் என்பார்கள். ஜம்மு காஷ்மீரில் 2012 முதல் 2016 வரை தகுதியற்றவர்களுக்கு இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்ட உரிமங்கள் வழங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்குப் பதிந்து, இந்திய ஆட்சிப் பணி அதிகாரிகளே அதில் கைதானார்கள். அப்படிப்பட்ட ஒரு புத்தகத்துடன் என்னிடம் வந்த ஒருவரை இன்னும் மறக்கவில்லை. கெட்டி அட்டை, பொன்னெழுத்து, நான்கு முத்திரைகள் என்று பார்வைக்கு அப்பாவின் பழைய புத்தகத்தைவிட அது அழகாக இருந்தது. தான் ஒருநாளும் குடியிருக்காத ஊரின் முகவரி அதில் இருந்தது. நிலத்தை அடமானம் வைத்துக் கொடுத்த பணம் போனது போக, பொய் ஆவணம் வைத்திருந்ததற்கான விசாரணையும் அவர் தலையில் விழுந்தது. தரகர் அதற்குள் தொலைபேசி எண்ணை மாற்றிவிட்டார். உங்களிடம் ஆதார் நகல், புகைப்படம், அப்பாவின் உரிமப் புத்தகத்தின் படம் ஏதேனும் அவர் ஏற்கெனவே வாங்கியிருந்தால், எந்தத் தேதியில் என்னென்ன கொடுத்தீர்கள் என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

மாமா சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது, ஆபத்தும் அந்தப் பாதியில்தான் இருக்கிறது. குடகில் கொடவர்களுக்கும், ஜம்மா நிலம் எனப்படும் பழைய மானிய உரிமையில் நிலம் வைத்திருப்பவர்களுக்கும் ஆயுத உரிமம் பெறுவதிலிருந்து விலக்கு உண்டு. பிரிட்டிஷ் ஆட்சியில் 1861இல் தொடங்கிய ஏற்பாடு அது. துப்பாக்கி அங்கே அறுவடைக்கு முந்தைய கைல்போள்து விழாவில் பூச்சூட்டி வணங்கப்படும் பொருள். மத்திய உள்துறை 2019 அக்டோபரில் இந்த விலக்கை 2029 வரை நீட்டித்தது. அதை எதிர்த்துத் தொடரப்பட்ட வழக்கில் கர்நாடக உயர் நீதிமன்றம் 2021இல் விலக்கு செல்லும் என்று தீர்ப்பளித்தது. ஆனால் இந்த விலக்கு குடகு என்ற ஊருக்கு அல்ல, அந்த மரபினருக்கும் அந்த நில உரிமை உடையவர்களுக்கும் தரப்பட்டது. மாமா அங்கே பத்து ஏக்கர் காப்பித் தோட்டத்தைப் பணம் கொடுத்து வாங்கியிருக்கிறார் என்பதால் அவர் கொடவர் ஆகிவிட மாட்டார். ஒருவேளை ஜம்மா உரிமையுள்ள நிலம் ஏதோ ஒரு வகையில் அவர் கைக்கு வந்திருந்தாலும், அது விலக்குக்குள் வருமா என்பதை அந்த மாவட்ட நிர்வாகம் எழுத்தில் சொல்ல வேண்டும், மாமா வாயால் சொன்னால் போதாது. அவர் விலக்குப் பெற்றவரே ஆனாலும், கொடுப்பவரான உங்களுக்கு அந்த விலக்கு எந்த வகையிலும் உதவாது. உரிமம் இல்லாத துப்பாக்கியை மாநில எல்லை தாண்டி எடுத்துச் சென்று இன்னொருவரிடம் கொடுப்பது, இப்போது வீட்டுக்குள் இருக்கும் தவற்றை நெடுஞ்சாலைக்குக் கொண்டுவருவதாகும். வழியில் ஒரு சோதனைச் சாவடியில் வண்டியை நிறுத்தினால் மாமாவின் வாக்குறுதி உங்களைக் காக்காது.

கடைசியாக, உங்கள் பெரிய பயம். அரசுக்குத் தெரிவதும் ஊருக்குத் தெரிவதும் ஒன்றல்ல. அப்பா உரிமம் வாங்கிய நாளிலிருந்தே அரசுக்கு இது தெரியும். இப்போது உரிமங்கள் எல்லாம் தேசியத் தரவுத்தளத்தில் ஏற்றப்பட்டு ஒவ்வொன்றுக்கும் தனி அடையாள எண் தரப்படுகிறது. துப்பாக்கி யார் வீட்டில் இருக்கிறது என்பதைக் காவல் துறை அறிந்திருப்பது நியாயம் என்றே நான் கருதுகிறேன், ஏனென்றால் நம் நாட்டில் ஆயுதம் வைத்திருப்பது அடிப்படை உரிமை அல்ல, அரசு தரும் அனுமதி. அமெரிக்காவில் அது அரசமைப்புச் சட்டத்திலேயே உள்ள உரிமை. அங்கே 2012 டிசம்பரில், கனெக்டிகட் மாநிலத்துப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களில், நியூயார்க் மாநிலத்தின் ஒரு செய்தித்தாள் இரண்டு மாவட்டங்களில் கைத்துப்பாக்கி அனுமதி பெற்றவர்களின் பெயரையும் முகவரியையும் வரைபடமாகவே வெளியிட்டது. எந்த வீட்டில் திருடினால் துப்பாக்கி கிடைக்கும், எந்த வீட்டில் எதிர்ப்பு இருக்காது என்று இரண்டையும் அது காட்டிக்கொடுத்துவிட்டதாகப் பெருங்கூச்சல் எழுந்து, அடுத்த மாதமே வரைபடம் நீக்கப்பட்டது. தம் விவரத்தை வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளும் வசதியையும் அந்த மாநிலம் சட்டமாக்கியது.

நம் நாட்டில் அப்படி ஒரு பட்டியலை யாராவது தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால், ஒருவரின் உயிருக்கோ உடலுக்கோ ஆபத்து விளைவிக்கும் தகவலை மறுக்க 8ஆம் பிரிவில் இடமிருக்கிறது. ஊருக்குத் தெரியவருவது பெரும்பாலும் வேறு வழிகளில்தான். விசாரணைக்கு வரும் காவலர் டீக்கடையில் நின்று, "இந்த வீட்டில் துப்பாக்கி கேட்கிறார்களாமே" என்று உரக்கக் கேட்பார். அதைத் தவிர்க்க, விசாரணையை நிலையத்திலேயே வைத்துக்கொள்ளுமாறு முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அக்கம்பக்கத்து விசாரணையை முழுமையாகத் தவிர்க்க முடியாவிட்டாலும் சத்தம் குறையும். மற்றபடி, கல்யாண வீட்டில் துப்பாக்கியோடு எடுத்த படம், வாட்ஸ்அப்பில் "விலைக்கு" என்று போட்ட செய்தி, தரகரிடம் கொடுத்த நகல்கள் ஆகிய இவையே உங்கள் அந்தரங்கத்தை விற்பவை.

இனி, உங்கள் பெயரில் உரிமம் கிடைக்குமா என்றால், கிடைக்கலாம். மகளும் வாரிசே, மணமான மகளும் வாரிசே. வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ், அம்மாவும் தம்பியும் தரும் ஆட்சேபணையின்மைப் பத்திரம், பாதுகாப்பாக வைப்பேன் என்ற உறுதிமொழி ஆகியவற்றோடு விண்ணப்பிக்கலாம். மாநகரக் காவல் ஆணையரக எல்லையில் குடியிருந்தால் ஆணையரிடமும், மற்ற இடங்களில் ஆட்சியரிடமும் மனு செய்ய வேண்டும். அதன் பிறகு கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், வட்டாட்சியர், கோட்டாட்சியர், காவல் துறை, மலையோரப் பகுதி என்றால் வனத்துறை என்று அந்த ஒரே கோப்பு ஊர்வலம் போகும். ஒவ்வொரு மேசையிலும் முந்தைய மேசையின் குறிப்பையே திருப்பி எழுதுவார்கள். விதிகளில் காலக்கெடு இருக்கிறது, ஆனால் அதை யாரும் மதித்து நான் பார்த்ததில்லை. மாறுதலாகிப் போன அலுவலரின் மேசையில் ஏழு மாதம் கிடந்த கோப்புகள் உண்டு. தரகரைப் பிழைக்க வைப்பதே இந்தத் தாமதம்தான் என்பதை இத்துறையில் உள்ள அனைவரும் அறிவார்கள், அறிந்தும் மாற்றுவதில்லை என்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம்.

ஆனால் நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். கோவையில் இருக்கும் உங்கள் பெயரில் உரிமம் வந்தால், துப்பாக்கி உங்கள் பொறுப்பில் இருக்க வேண்டுமே தவிர, அம்மாவின் தோப்பு வீட்டில் கிடக்கக் கூடாது. காட்டுப்பன்றியைச் சுடவும் அந்த உரிமம் அனுமதி ஆகாது, அதற்கு வனத்துறையின் சட்டம் தனி. சுடத் தெரியாத ஒரு முதியவர் தனித்திருக்கும் வீட்டில் துப்பாக்கி இருப்பது திருடனுக்குத்தான் உதவும். ஆகவே, ஒப்படைத்த பிறகு, உரிமம் வழங்கும் அதிகாரியின் அனுமதி பெற்று, உரிமம் பெற்ற விற்பனையாளருக்கோ உரிமம் உள்ள ஒருவருக்கோ விற்றுவிடுவதே நல்லது என்பது என் கருத்து. விற்றுவரும் பணம் வாரிசுகளுக்கே உரியது. வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் கடைக்காரரிடம் மட்டும் விற்காதீர்கள்.

எதைத் தேர்ந்தாலும், நிலையத்தில் வைத்ததோடு மறந்துவிட வேண்டாம். விதித்த காலத்துக்குள் திரும்பப் பெறவோ விற்கவோ செய்யாத ஆயுதத்தை அரசு பறிமுதல் செய்துகொள்ளலாம். ரசீதின் நகலை ஒன்று அம்மாவிடமும் ஒன்று உங்களிடமும் வைத்துக்கொண்டு, ஒப்படைத்த தேதியை நாட்காட்டியில் குறித்து, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மனுவின் நிலையை எழுத்தில் கேட்டு, அந்தப் பதிலையும் அதே கோப்பில் சேர்த்து வையுங்கள்.