எல்.இ.டி.க்கு எத்தனை ஓம்?

கேள்வி: வீட்டில் சிந்தசைசர் (மின்னணு இசைக்கருவி) செய்து வருகிறேன். 12 வோல்ட் சப்ளை. சிவப்பு எல்.இ.டி.க்கு 470 ஓம் ரெசிஸ்டர் (மின்தடை) போட்டேன். கண் கூசுகிறது, ரெசிஸ்டரும் சுடுகிறது. எவ்வளவு போடலாம்?

பதில்: சுடத்தான் செய்யும். சிவப்பு எல்.இ.டி. சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும். மீதி 10 வோல்ட்டை 470 ஆல் வகுத்தால் 21 மில்லி ஆம்பியர். கால் வாட் ரெசிஸ்டர் தலையில் 0.21 வாட்! இன்றைய பளிச்சென்ற எல்.இ.டி.களுக்கு 1 மில்லி ஆம்பியரே தாராளம். 10 கே (10,000 ஓம்) போடுங்கள். நான் எப்போதும் பிரெட்போர்டில் (சால்டர் இல்லாமல் செருகிப் பார்க்கும் பலகை) 4.7 கே, 10 கே, 22 கே மூன்றையும் மாற்றிச் செருகி, அறை விளக்கை அணைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்வேன். ராத்திரி சிந்தசைசர் வாசிக்கும்போது நீல விளக்கு ரொம்பவே உறுத்தும். அதற்கு 47 கே வரை போயிருக்கிறேன்.

அப்புறம், எல்.எஃப்.ஓ. (மெதுவாக ஏறி இறங்கும் அலையைத் தரும் சுற்று) வெளியீட்டில் எல்.இ.டி.யை நேராக மாட்டாதீர்கள். டி.எல்.072 சிப்பில் இரண்டு ஆப்-ஆம்ப் (சிக்னல் பெருக்கி) உண்டு. சும்மா இருப்பதை பஃபராக்கி (சிக்னலை அப்படியே வாங்கித் தரும் இடையாள்) அதிலிருந்து கொடுங்கள். அங்கே 5 வோல்ட்தான் வரும் என்றால் 3.3 கே சரியாக இருக்கும். அலை மைனஸ் பக்கம் போகும்போது எல்.இ.டி.க்குத் தலைகீழ் வோல்டேஜ் விழும். பெரும்பாலானவற்றுக்கு 5 வோல்ட்தான் வரம்பு. எல்.இ.டி.க்கு இணையாக, எதிர்த்திசையில் ஒரு 1என்4148 டயோடு போட்டுவிடுங்கள்.