வசந்தமே இல்லாத திருகோணமலையில் மரம் பூக்கும் நாளைக் குறித்து வைத்துக் காலநிலை மாற்றத்தை அறிய முடியுமா?

முடியும், ஆனால் குளிர்நாடுகளில் செய்வது போல அல்ல.

அங்கே மரங்கள் குளிர்காலம் முழுக்க உறங்கும். குளிர் போதுமான அளவு கிடைத்த பிறகு, நாளுக்கு நாள் சேரும் வெப்பம் ஓர் அளவைத் தொட்டதும் மொட்டு விரியும். அதனால் துளிர்க்கும் நாளே ஒருவகை வெப்பமானிதான். ஜப்பானின் கியோட்டோவில் செர்ரி பூக்கும் நாட்களை 9ஆம் நூற்றாண்டு வரை பின்னோக்கித் தேடி எடுத்திருக்கிறார்கள், பழைய நாட்குறிப்புகள், வரலாற்றுக் குறிப்புகளில் இருந்துதான்! 2021இல் மார்ச் 26 அன்றே முழுதாகப் பூத்துவிட்டது. அதுவரையான 1,200 ஆண்டுப் பதிவில் அதுவே மிக முந்தியது.

சரி, நம் திருமலைக்கு வருவோம். இங்கே கடிவாளம் மழையின் கையில். ஐப்பசி முதல் பெய்யும் வாடை மழை ஓய்ந்து, நிலம் காயத் தொடங்கும்போதுதான் மா பூக்கும். பங்குனி, சித்திரையில் வேம்பு. அப்புறம் கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் பாலைப்பழம். எனவே மா முந்திப் பூத்தால் உடனே 'சூடு கூடிவிட்டது' என்று சொல்லிவிட முடியாது. மழை சீக்கிரம் நின்றிருக்கலாம்.

செய்வதானால் ஒரே மரத்தை எடுங்கள். முதல் பூ, பாதி மரம் பூத்த நாள், அந்த வாரத்து மழை, இவ்வளவு போதும். கிணற்றடி மரம் வேண்டாம், அதற்கு வருஷம் முழுக்கத் தண்ணீர். இரண்டு மூன்று வருஷக் கணக்கை வைத்து எதுவும் சொல்லாதீர்கள். முப்பது வருஷமாவது வேண்டும்.