உறைபனியில் ஏது சூடு?

கேள்வி: என் அம்மா கோத்தகிரி பக்கம் எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கிறார். பத்து நாளாக வெளிக்குப் போவது கறுப்பாக இருக்கிறது, சாப்பிட்டது செரிக்காமல் மேல்வயிறு கனக்கிறது என்கிறார். லைன் வீடுகளில் எல்லோரும் 'உடம்புச் சூடு' என்கிறார்கள். வெந்தயமும் மோரும் கொடுத்தால் போதுமா?
- பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி

பதில்: கடிதம் கிடைத்த அன்றே உங்களுக்குத் தனியாகப் பதில் அனுப்பிவிட்டேன். இதழ் அச்சாகி வரும்வரை காத்திருக்கிற விஷயம் அல்ல இது. இங்கே எழுதுவது மற்றவர்களுக்காக.

அந்தச் 'சூடு' என்னை விடமாட்டேன் என்கிறது. தை மாசம் விடிகாலையில் ஊட்டியின் பழைய குதிரைப் பந்தய மைதானத்தைப் போய்ப் பாருங்கள். புல்லெல்லாம் உப்பு கொட்டினாற்போல் உறைபனி. கம்பளியைக் காதுவரை இழுத்துவிட்டுக்கொண்டு அடுப்படியை விட்டு நகராத நாம், வயிற்றில் ஏதாவது என்றால் மட்டும் சூடு என்கிறோம். கண்கட்டியா, சூடு. வாய்ப்புண்ணா, சூடு. மூத்திரம் மஞ்சளாகப் போகிறதா, அதுவும் சூடு. மேட்டுப்பாளையத்தில் வெயில் அடிக்கிறது, அதனால் சூடு. மலை ஏறினால் வெளியே குளிர், அதனால் சூடு உள்ளே போய்விட்டதாம்! எல்லா ஊருக்கும் எல்லாப் பருவத்துக்கும் பொருந்துகிற காரணத்தை வைத்துக்கொண்டு எந்த நோயைக் கண்டுபிடிப்பது? இருபது வருஷமாக இந்தப் பக்கத்தில் இந்தச் சொல்லோடு மல்லுக்கு நிற்கிறேன். சூடு என்று ஒருவர் சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.

என் சின்னம்மாவிடமும் யாரும் கேட்கவில்லை. முட்டி வலிக்கு மருந்துக்கடையில் 'செட் மாத்திரை' வாங்குவார். சீட்டு கிடையாது, பெயர் கிடையாது. துண்டுக் காகிதத்தில் மடித்த இரண்டு முழு மாத்திரையும் ஒரு அரை மாத்திரையும். வெறும் வயிற்றில், பால் சேர்க்காத வரட்டீயோடு விழுங்கிவிட்டு வேலைக்குப் போய்விடுவார். கறுப்பாகப் போனபோது இளநீர் குடித்தார். படியில் மயங்கி விழுந்த அன்று ஹீமோகுளோபின் 5. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். வலி மாத்திரை இரைப்பையின் உள்தோலை அரித்துப் புண்ணாக்கி, ரத்தம் நாள்கணக்கில் கசிந்திருக்கிறது. கசிந்த ரத்தம் குடலைத் தாண்டி வருவதற்குள் கறுத்துவிடும். ஒரு டீக்கிளாஸ் அளவு கசிந்தாலே போதும்.

அந்தக் கறுப்பை அடையாளம் தெரிந்துகொள்ளுங்கள். ரோட்டுக்கு ஊற்றுகிற தார்போல் பளபளப்பாக, பிசுபிசுவென்று, ஒரு சொம்புத் தண்ணீருக்குப் போகாமல் ஒட்டிக்கொள்ளும். நாற்றமும் வேறு மாதிரி, குடலைப் பிரட்டும். இரும்புச்சத்து மாத்திரையால் வரும் கறுப்பு அப்படி ஒட்டாது. கரும்பச்சை கலந்து, சாதாரணமாகவே இருக்கும். உடம்பு எடுத்துக்கொண்டதுபோக மிச்ச இரும்பு வெளியேறுகிறது, அவ்வளவுதான்.

இதில்தான் எனக்கு ஆறாத கோபம். கர்ப்பிணிகளுக்கு அரசு 180 நாளுக்குச் சிவப்பு மாத்திரை கொடுக்கிறது, ஒன்றில் 60 மில்லிகிராம் இரும்பு. கறுப்பாகப் போகிறது, சூடு பண்ணுகிறது என்று அதைத் தேயிலைச் செடிக்குள் வீசிவிடுகிறார்கள். ரத்தம் ஊற வேண்டியவள் பயந்து மாத்திரையை வீசுகிறாள். ரத்தம் போகிறவள் பயமே இல்லாமல் மோர் குடிக்கிறாள். வீசாமல் விழுங்குகிறவர்களும் கூடவே டீ குடித்துவிடுகிறார்கள். தேயிலையின் துவர்ப்பு இரும்பை உடம்பில் சேரவிடாது. மாத்திரைக்கும் டீக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது விடுங்கள், எலுமிச்சைத் தண்ணீரோடு போடுங்கள் என்று நான் எழுதாத வருஷம் இல்லை. தேயிலை விளைகிற ஊரில் டீயைக் குறை சொல்லலாமா என்று கடிதம் வராத வருஷமும் இல்லை.

மலத்தைப் பற்றிக் குடும்பப் பத்திரிகையில் எழுதுவதா என்று ஒருவர் சந்தாவையே நிறுத்தினார். அவர் வீட்டிலும் பீட்ரூட் பொரியல் செய்வார்கள். மறுநாள் சிவப்பாகப் போனால் பயப்படத் தேவையில்லை என்று அவருக்கும் யாராவது சொல்லத்தானே வேண்டும்? பீட்ரூட் சாப்பிடாமல் சிவந்தால் டாக்டரிடம் போக வேண்டும். கீரை நிறையச் சாப்பிட்டாலோ, வயிற்றுப்போக்கில் எல்லாம் அவசரமாக இறங்கினாலோ பச்சையாகப் போகும்; அது தானாகச் சரியாகிவிடும்.

வெளுத்துப்போவதை மட்டும் லேசாக விடாதீர்கள். வழக்கமான பழுப்பு நிறம் பித்தத்திலிருந்து வருவது. பழைய சிவப்பணுக்கள் உடையும்போது உண்டாகும் மஞ்சள் நிறமியை ஈரல் பித்தத்தோடு குடலில் இறக்குகிறது, அங்கிருக்கும் பாக்டீரியா அதைப் பழுப்பாக்குகிறது. பித்தக்குழாயில் கல்லோ கட்டியோ அடைத்தால் மலம் களிமண்ணாக வெளுத்து, மூத்திரம் வரட்டீ நிறத்தில் போகும். நம் மலையில் இதற்குத் தனிக் காரணமும் உண்டு. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் செல் ரத்தசோகை (சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்துவிடும் பரம்பரை நோய்) இருப்பது 1952-லேயே கண்டறியப்பட்டது. அந்த நோயில் சிவப்பணுக்கள் சீக்கிரம் உடைவதால் நிறமி பெருகிப் பித்தக்கல் சேரும். இருபது வயசுப் பையனுக்குக்கூட அந்தக் கல் வரலாம். அவனிடமும் சூடு என்றுதான் சொல்கிறார்கள்.

மோரைப் பற்றித்தானே கேட்டீர்கள்? அம்மாவுக்குத் தார்போலப் போகிறது என்றால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. தலைசுற்றலும் இருந்தால் 108-ஐக் கூப்பிடுங்கள். இரைப்பைக்குள் குழாய் விட்டுப் பார்க்க வயிறு காலியாக இருக்க வேண்டும், அதனால் கிளம்பும்போது மோர்கூட வேண்டாம். சின்னம்மாவைப்போல் அம்மாவும் வலி மாத்திரை போடுகிறவர் என்றால், வீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரைகளை மடித்துக் கொடுத்த காகிதத்தோடு அப்படியே எடுத்துக்கொண்டு போங்கள். டாக்டர் முதலில் அதைத்தான் கேட்பார்.