லெசோத்தோ மலைகளில் மினிபஸ் பயணம்: பர்சனல் லோன் எடுக்கலாமா?

கேள்வி: எனக்கு 29 வயது. கோவையில் ஐடி வேலை. மாதம் கைக்கு 62,000 ரூபாய் வருகிறது. வீட்டுச் செலவு 30,000, அப்பா அம்மாவுக்கு 8,000, எஸ்ஐபி (மாதாந்திர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) 12,000 போக 12,000 மிச்சம். வரும் ஜூலையில் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் இறங்கி, டிராகன்ஸ்பெர்க் மலையேறி, பக்கத்து நாடான லெசோத்தோவை உள்ளூர் மினிபஸ்களிலேயே 22 நாள் தனியாகச் சுற்ற ஆசை. விமானம், விசா, காப்பீட்டுக்கு 1,10,000, அங்கே செலவுக்கு 70,000 என்று கணக்குப் போட்டிருக்கிறேன். ஜூனில் ஆர்டி (தொடர் வைப்பு) முதிர்ந்து 1,50,000 வரும். லிக்விட் ஃபண்டில் (சீக்கிரம் பணமாக்கக்கூடிய மியூச்சுவல் ஃபண்ட்) 2,00,000 உள்ளது. குறைவதற்கும் கைக்காவலுக்குமாக 1,00,000 பர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: போய் வாருங்கள், ஆனால் லோன் வேண்டாம். ஜூலையும் வேண்டாம்.

ஜூலை அங்கே நடுக்குளிர்காலம். டிராகன்ஸ்பெர்க்கிலிருந்து லெசோத்தோவுக்கு நீங்கள் ஏறப்போகும் சானி கணவாயின் உச்சி 2,800 மீட்டருக்கு மேல். கொண்டை ஊசி வளைவுகள் நிறைந்த செங்குத்தான பாதை அது. பனி கொட்டினால் மூடிவிடுவார்கள். நான் போனபோது, லெசோத்தோ பக்கத்து மொகொட்லோங் ஊரில் 2 நாள் வண்டியே கிளம்பவில்லை. அறை வாடகையும் சாப்பாடும் ஓடிக்கொண்டே இருந்தன. பனி இல்லாத நாளிலும், ஆள் நிரம்பினால்தான் மினிபஸ் புறப்படும். காலை 7 மணிக்கு ஏறி உட்கார்ந்து, மடியில் பையோடு 10 மணி வரை காத்திருப்பது சர்வசாதாரணம். அதற்குள் மாலை 6 மணிக்கு எல்லைச் சாவடி மூடிவிடும் என்ற கவலை வேறு.

அதனால்தான் உங்கள் 70,000 எனக்கு இடிக்கிறது. நாளுக்கு ஏறக்குறைய 3,200 ரூபாய். உள்ளூர் வண்டியில் போகிறவருக்கு அது போதும், ஆனால் 22 நாளும் நினைத்தபடி நடந்தால்தான். இந்த மாதிரிப் பயணத்தில் டிக்கெட் மலிவு, காத்திருப்புதான் செலவு. தங்கிப்போகும் 5 நாளுக்கு 16,000, அவசரத்துக்குத் தனி வண்டி பிடித்து இறங்கவும் விமானத் தேதி மாற்றவும் 24,000 என்று 40,000 கூடுதலாக வையுங்கள். மொத்தம் 2,20,000.

பயணத்தை அக்டோபருக்குத் தள்ளினால் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை 6 மாத மிச்சம் 72,000. ஆர்டியோடு சேர்த்தால் 2,22,000. கணக்கு முடிந்தது. மாறாக 1,00,000 லோனை 14 சதவீதத்தில் 2 ஆண்டுக்கு எடுத்தால் இஎம்ஐ சுமார் 4,800, வட்டி மட்டும் 15,000க்கு மேல். அந்த 5 நாள் காத்திருப்புச் செலவை அப்படியே வங்கிக்குக் கொடுப்பதற்குச் சமம். லிக்விட் ஃபண்டைத் தொடவே தொடாதீர்கள், அது அவசரத்துக்கு. பெற்றோருக்குத் தருவதையும் சேர்த்தால் அதில் 6 மாதச் செலவுகூட முழுசாக இல்லை.

இனி, பணத்தை எப்படிக் கொண்டுபோவது. லெசோத்தோவின் நாணயம் லோட்டி, பன்மையில் மலோட்டி. சொத்தோ மொழியில் லோட்டி என்றாலே மலைதான். ஒரு லோட்டிக்கு ஒரு தென்னாப்பிரிக்க ராண்ட் என்பது நிலையான மதிப்பு. ராண்ட் அங்கே எல்லாக் கடையிலும் செல்லும். மலோட்டியோ தென்னாப்பிரிக்காவில் செல்லாது. எனவே எடுப்பதை ராண்டாகவே எடுங்கள். மீதிச் சில்லறை மலோட்டியாக வரும், ஏடிஎம்மிலும் அதுதான் வரும். அவற்றை முதலில் செலவழியுங்கள்.

ராண்டை முன்கூட்டியே ஏற்றிவைக்கும் ஃபாரெக்ஸ் கார்டு வாங்கி, டர்பனில் பகலில், மாலுக்குள் இருக்கும் ஏடிஎம்மில் பணம் எடுங்கள். மலை ஊர் ஏடிஎம்மை நம்பி ஏறாதீர்கள். ரூபாயில் கழிக்கவா, ராண்டிலா என்று திரை கேட்டால் ராண்டைத் தொடுங்கள். ரூபாய் என்றால் மாற்று விகிதத்தை அந்த ஏடிஎம்காரர் வைப்பார். கிரெடிட் கார்டு அவசரத்துக்கு மட்டும். பல கார்டுகளில் வெளிநாட்டுச் செலவுக்கு 3.5 சதவீதமும் அதன்மேல் ஜிஎஸ்டியும் உண்டு. அதில் ரொக்கம் எடுத்தால் அன்றே வட்டி ஓடத் தொடங்கும்.

200 ராண்ட் நோட்டுகளைச் சூப்பர் மார்க்கெட்டில் உடைத்து 10, 20 நோட்டாக மாற்றிக்கொள்ளுங்கள். தென்னாப்பிரிக்க மினிபஸ்களில் பின் வரிசையிலிருந்து கைமாறிக் கைமாறிப் பணம் முன்னால் போகும். ஓட்டுநர் பக்கத்தில் இருப்பவர் எண்ணி, மீதியை அதே வழியில் திருப்புவார். பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து கிளம்பிய ஒரு வண்டியில் அந்த இருக்கை எனக்கு வாய்த்தது. 15 பேர் காசை மடியில் வைத்து எண்ணியபோது ஒருவர் நீட்டிய 200 ராண்டுக்குச் சில்லறை கொடுக்க முடியாமல் வண்டியே கொஞ்ச நேரம் தவித்தது.

காப்பீட்டில் சிக்கனம் பார்க்காதீர்கள். லெசோத்தோவில் மிகத் தாழ்ந்த இடமே சுமார் 1,400 மீட்டர் உயரம். உயர வரம்பு, மலைநடை, குதிரைச் சவாரி பற்றிய விலக்குகளைப் பாலிசியில் வரிக்கு வரி படியுங்கள். இரண்டு நாட்டின் பெயரும் இருக்க வேண்டும், தென்னாப்பிரிக்க மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லும் செலவும் அடங்கியிருக்க வேண்டும். லெசோத்தோவைச் சுற்றிலும் தென்னாப்பிரிக்காதான். உள்ளே போனால் அதன் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும். தென்னாப்பிரிக்க விசா விண்ணப்பிக்கும்போதே பலமுறை நுழைவு கேளுங்கள். அது கையில் வந்த பிறகு விமான டிக்கெட் போடுங்கள்.