உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள்: சைக்கிள் வாரண்டி கேள்வி பதில்

கோவையில் இருபத்திரண்டு வருடமாக சைக்கிள் வேலை பார்க்கிறேன். அதில் ஆறு வருடம், வாரண்டிக்கு வரும் பாகங்களைப் பிரித்துப் பார்த்து, 'கொடுக்கலாம்', 'கொடுக்க முடியாது' என்று எழுதிக் கொடுக்கும் வேலை. கேள்விகளுக்குப் போகும் முன் இரண்டு விஷயம். உடைந்த பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள், துடைக்கவும் வேண்டாம். பில்லை இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள். மெஷினில் வரும் வழுவழுப்பான பில்லில் எழுத்து சில மாதத்தில் மங்கி, வெறும் வெள்ளைத்தாள்தான் மிஞ்சும்.

கேள்வி (ஈரோடு, கல்லூரி மாணவர்): அண்ணா, சைக்கிள் வாங்கி மூன்று மாதம்தான். இடது கிராங்க் (பெடல் மாட்டியிருக்கும் கை) ஆட ஆரம்பித்தது, ஒரு வாரத்தில் கழன்று விழுந்துவிட்டது. திரும்ப மாட்டினாலும் நிற்கவில்லை. 'தேய்மானம், வாரண்டி வராது' என்கிறார் கடைக்காரர்.

பதில்: தம்பி, கிராங்க் தேய்கிற பாகமே இல்லை. உங்கள் சைக்கிளில் ஆக்சில் முனை சதுரமாக இருக்கும், அது இரும்பு. கிராங்க் அலுமினியம். போல்ட்டை 35 முதல் 50 நியூட்டன் மீட்டர் (முறுக்கும் விசையின் அளவு) வரை முறுக்கினால்தான் கிராங்க் அந்தச் சதுரத்தின் சரிவில் ஏறி இறுகி உட்காரும். அந்த அளவு வர நீளமான ரெஞ்ச் வேண்டும், கையடக்க எல்-கீயால் வருவது கஷ்டம். பெட்டியில் பாதி பிரித்து வரும் சைக்கிளைப் பூட்டுவது கடைதான். அங்கே போல்ட் குறைவாக இறுகியிருந்தால், ஒவ்வொரு மிதிக்கும் இரும்புச் சதுரம் அலுமினியத் துளையை அரைத்து அரைத்து வட்டமாக்கிவிடும். பிறகு எவ்வளவு முறுக்கினாலும் நிற்காது.

மூன்று மாதத்தில் இப்படி ஆனால், பெரும்பாலும் பூட்டியதில்தான் குறை. ஆனால் ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஆட ஆரம்பித்த பிறகும் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறீர்கள். 'தெரிந்தே ஓட்டினார்' என்று அந்த இடத்தில்தான் பிடிப்பார்கள். முதல் இலவச சர்வீஸ் செய்திருந்தால் அந்தக் கார்டை எடுத்துப் போங்கள். அப்போதும் இந்த போல்ட்டை அவர்கள்தான் பார்த்திருக்க வேண்டும். கிராங்கையும் போல்ட்டையும் அப்படியே பொட்டலம் கட்டி வையுங்கள். ஒரு பக்கக் கிராங்க் சில நூறு ரூபாய்தான். நிதானமாக எடுத்துச் சொன்னால் நல்ல கடைக்காரர் மாற்றிக் கொடுத்துவிடுவார்.

கேள்வி (சென்னை): சார், அலுமினிய ஃப்ரேம், இரண்டரை வருடம் ஆகிறது. சீட்டுக்குக் கீழே குழாயில் கீறல் விழுந்து, போன வாரம் முக்கால்வாசி பிளந்துவிட்டது. விழவில்லை, எங்கும் மோதவும் இல்லை. ஃப்ரேமுக்கு ஐந்து வருட வாரண்டி. கம்பெனி என்ன சொல்லும்?

பதில்: கம்பெனி என்ன சொல்லும் என்பதைப் பிளந்த இடமே சொல்லிவிடும். டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பிளவின் உள்முகத்தைப் பாருங்கள். ஒரு பகுதி கருத்து, வழவழப்பாக, குளத்தில் தண்ணீர் வற்ற வற்றக் கரையில் விழும் தடம் மாதிரி வரிவரியாக இருந்தால், அது வாரக்கணக்கில் மெல்ல ஓடிய கீறல். அழுக்கும் வியர்வையும் உள்ளே போனதால்தான் கருப்பு. மீதிப் பகுதி பளிச்சென்று, சர்க்கரை உடைந்தது போலப் பொரபொரப்பாக இருக்கும். அது கடைசி நாளில் ஒரேயடியாக விட்டது. முழுவதும் பளபளப்பாக இருந்து, குழாயும் நெளிந்திருந்தால், அது ஏதோ ஒரு பெரிய அடி. நீங்கள் மறந்திருந்தாலும் உலோகம் மறக்காது.

மெல்ல ஓடிய கீறல் என்றால், எங்கே தொடங்கியது என்பதுதான் அடுத்த கேள்வி. வெல்டிங் ஓரத்தில் ஊசிமுனை ஓட்டையிலிருந்து தொடங்கினால் தயாரிப்புக் குறை, உங்கள் பக்கம் பலமாக இருக்கிறது. சீட்டைத் தாங்கி இந்தக் குழாய்க்குள் இறங்கும் சீட் போஸ்ட்டின் கீழ்முனை உள்ளே முடிகிற உயரத்தில் தொடங்கினால் கதை வேறு. அலுமினியத்துக்கு, இதற்குக் கீழே எத்தனை முறை வளைத்தாலும் உடையாது என்று ஓர் எல்லை கிடையாது. ஒரே இடத்தில் நெம்பிக்கொண்டே இருந்தால் என்றாவது ஒரு நாள் விட்டுவிடும்.

மூன்று படம் அனுப்புங்கள்: பிளவு தொடங்கிய இடம், வெல்டிங், வெளியே எடுத்த சீட் போஸ்ட் முழு நீளமும். சைக்கிளை இனி ஓட்ட வேண்டாம், தெருமுனைக் கடைக்குக்கூட.

கேள்வி: ஆறு மாதத்தில் பின் டயர் மொட்டையாகிவிட்டது. வாரண்டி உண்டா?

பதில்: தேய்ந்த டயருக்கு இல்லை. பக்கவாட்டில் உப்பினாலோ, நூல் பிரிந்தாலோ கேட்கலாம்.

கேள்வி (பெங்களூரு): 2017-இல் வந்த ரோடு பைக்கைப் பழையதாக வாங்கினேன். ஷிமானோ அல்டெக்ரா கிராங்க். அதற்கு ஏதோ ரீகால் என்று கேள்விப்பட்டேன். நான் இரண்டாவது ஆள், பில்லும் இல்லை. கிடைக்குமா?

பதில்: நல்ல கேள்வி. ரீகால் என்றால் குறை தெரிந்து கம்பெனியே திரும்ப அழைத்துச் சரிசெய்வது. அது வேறு, வாரண்டி வேறு. வாரண்டி முதலில் வாங்கியவருக்கு மட்டும் என்று பெரும்பாலான தாளில் இருக்கும். ரீகால் பாதுகாப்பு விஷயம், சைக்கிள் இப்போது யார் கையில் இருக்கிறதோ அவருக்கு.

2023 செப்டம்பரில் ஷிமானோ இதை அறிவித்தது. 2019 ஜூலைக்கு முன் செய்த, 11 ஸ்பீடு ரோடு பைக்குக்கான அல்டெக்ரா, டியூரா-ஏஸ் கிராங்குகள். அல்டெக்ராவில் எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000 இரண்டும் இதில் வரும். உள்ளே கூடாக இருக்கும்படி இரண்டு ஓடுகளைப் பசை போட்டு ஒட்டிச் செய்தவை. அந்த ஒட்டு விட்டால் மிதிக்கும்போதே கிராங்க் பிளக்கும். அமெரிக்காவில் மட்டும் சுமார் 6,80,000 கிராங்க், அங்கே 4,500-க்கும் மேற்பட்ட புகார், எலும்பு முறிவு உட்பட ஆறு பேருக்குக் காயம். பெடல் மாட்டும் இடத்துக்குப் பின்புறம் இரண்டு ஆங்கில எழுத்து பொறித்திருக்கும். அதைப் படம் எடுத்துக்கொண்டு ஷிமானோ டீலரிடம் போங்கள். சோதித்துப் பார்த்து, ஒட்டு விட்ட அறிகுறி இருந்தால்தான் மாற்றுவார்கள், எல்லோருக்கும் புதுசு கிடைக்காது. அதுவரை ஓரத்தில் கோடு போல இடைவெளி தெரிகிறதா, மிதிக்கும்போது கிறீச்சிடுகிறதா என்று பாருங்கள். இரண்டில் ஒன்று இருந்தாலும் ஏறாதீர்கள்.

கேள்வி: பில் தொலைந்துவிட்டது. என்ன செய்ய?

பதில்: கார்டு, யுபிஐ என்றால் வங்கிக் கணக்கில் தேதியும் தொகையும் இருக்கும். கடையின் கணினியிலும் இருக்கும், நகல் கேளுங்கள். ஃப்ரேம் நம்பரைச் சொன்னால் தேடுவது சுலபம்.

கேள்வி (சேலம்): சாப்பாடு டெலிவரிக்கு சைக்கிள் ஓட்டுகிறேன் அண்ணே. ஃபோர்க் (முன் வீலைப் பிடிக்கும் கவை) போய்விட்டது. 'கமர்ஷியல் யூஸ், வாரண்டி கட்' என்கிறார்கள்.

பதில்: தம்பி, வாரண்டித் தாளையும் சட்டத்தையும் பிரித்துப் பாருங்கள். கம்பெனியின் வாரண்டித் தாளில் வாடகைக்கும் தொழிலுக்கும் ஓட்டினால் செல்லாது என்று போட்டிருந்தால், அந்தத் தாளை வைத்து மறுப்பார்கள். ஆனால் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சொந்த உழைப்பில் பிழைப்புக்காக வாங்கிய பொருளை வணிக நோக்கம் என்று ஒதுக்குவதில்லை. நீங்களும் நுகர்வோர்தான். குறை தயாரிப்பில் என்றால் புகார் கொடுக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. 1915-க்குப் போன் செய்யுங்கள், தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசலாம்.

கேள்வி (திருச்சி): பின் வீலின் நடுவில் இருக்கும் ஹப் உள்ளே பல் உடைந்தது. கம்பெனி புது ஹப் இலவசமாக அனுப்பியது. வீலைப் பிரித்துக் கட்ட 900 ரூபாய் கேட்கிறார்கள். வாரண்டி என்றால் எல்லாமே இலவசம் இல்லையா?

பதில்: பெரும்பாலான தாளில் 'பாகம் மட்டும், கூலி தனி' என்றுதான் இருக்கும். வேலைக்கு 900 அதிகமில்லை. 32 கம்பியைப் பிரித்து, கோத்து, பெண்டு எடுக்க ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். ஆனால் அதை நீங்கள் கொடுக்க வேண்டும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உங்களிடம் விற்ற கடை ஏற்க வேண்டும்.

மதுரையிலிருந்து ஒரு கடைக்காரர்: ஐயா, நீங்களே இப்படிச் சொன்னால் எப்படி? கம்பெனி கூலி தருவதில்லை. பழைய பாகத்தைத் திருப்பி அனுப்பும் கொரியர் செலவும் என் தலையில். ஒரு சைக்கிளில் நிற்பதே ஆயிரத்துச் சொச்சம். பையனுக்கு நான் கூலி கொடுக்க வேண்டாமா?

பதில்: கொடுத்துத்தான் ஆக வேண்டும். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும், அந்த மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்தவன் நான். ஆனால் வாங்கியவர் பணத்தை எண்ணி வைத்தது உங்கள் கல்லாவில். ஹப் செய்த ஆளை அவருக்குத் தெரியாது. கூலியைக் கம்பெனியிடம் நீங்கள் எழுதிக் கேட்க வேண்டும். கேட்கிறீர்களா? நான் அந்த வேலையில் இருந்த ஆறு வருடத்தில் கூலி என்று எழுதி வந்த படிவங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். எழுதியவர்களில் சிலருக்குக் கிடைத்தது.

அதே கடைக்காரர்: ஆன்லைனில் வாங்கிவிட்டு என்னிடம் வந்து வாரண்டி கேட்கிறார்களே, அவர்களுக்குமா?

பதில்: இல்லை. அங்கே உங்கள் கூலியை முழுசாக வாங்குங்கள், அது நியாயம். அவர் அந்தக் கூலி ரசீதை வைத்து ஆன்லைன் கடையிடம் கேட்கட்டும்.

திருச்சிக்காரர்: நான் ஆன்லைனில் இல்லை, நேரில் கடையில்தான் வாங்கினேன். 900-ம் கேட்டு, பழைய கம்பியையே போட்டுக் கட்டுவேன் என்கிறார்கள்.

பதில்: நிறுத்துங்கள். புது ஹப்பின் விளிம்பு பழையதை விடப் பெரிதாகவோ சிறிதாகவோ இருந்தால் கம்பி நீளமே மாறும். பழைய கம்பி பொருந்தாது, இழுத்துப் பிடித்துப் பூட்டினால் மாதத்துக்கு ஒன்றாக அறும். உங்கள் இருவருக்கும் ஒரே வழிதான் சொல்வேன். ஹப் வேண்டாம், கட்டிய வீலாகவே அனுப்புங்கள் என்று கம்பெனிக்கு எழுதுங்கள். நிறைய கம்பெனிகள் செய்கின்றன, அவர்களுக்கும் தலைவலி குறைவு. வீலாக வந்தால், பின் பல்சக்கரத் தொகுதியான கேசட்டைப் பழைய வீலிலிருந்து மாற்றி, அதைப் பிடிக்கும் லாக்ரிங்கை 40 நியூட்டன் மீட்டரில் இறுக்க வேண்டியதுதான். கால் மணி நேர வேலை. அதற்கு யாரும் 900 கேட்க மாட்டார்கள்.

மதுரைக் கடைக்காரர்: அது சரி. அப்படி வந்தால் நான் கூலியே வாங்க மாட்டேன்.

கேள்வி: 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லிலேயே அச்சடித்திருக்கிறார்கள். அப்புறம் எதைக் கேட்பது?

பதில்: குறையுள்ள பொருளுக்கு அந்த வரி செல்லாது. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பது முறையற்ற வணிகம் என்று 2019 சட்டத்திலேயே இருக்கிறது. முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், வாட்ஸ்அப் போதாது, மின்னஞ்சலும் அனுப்புங்கள். அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். குறை கண்ணுக்குத் தெரியாதது என்றால் பாகத்தை முத்திரை வைத்து ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. துண்டு கையில் இருந்தால்தானே அனுப்ப முடியும்?

கேள்வி: செயின் ஒரு வருடத்தில் இழுத்து நீண்டுவிட்டது. வாரண்டி?

பதில்: டயருக்குச் சொன்னதேதான். தேய்மானம்.

கேள்வி: பிரேக் ஷூ தேய்ந்தால்?

பதில்: மேலே பாருங்கள்.

கேள்வி: ஹைட்ராலிக் பிரேக்கில் எண்ணெய் குறைந்தது, மெக்கானிக் கார் பிரேக் ஆயில் ஊற்றினார். இப்போது லீவர் ஒழுகுகிறது.

பதில்: உங்களுடையது மினரல் ஆயில் பிரேக் என்றால், கார் பிரேக் ஆயில் பட்டு உள்ளே ரப்பர் சீல் கெட்டிருக்கும். வாரண்டி வராது, செலவை அந்த மெக்கானிக்கிடம் கேளுங்கள். மற்றவர்களுக்கும் சொல்கிறேன், லீவர் மூடியில் எந்த எண்ணெய் என்று பொறித்திருக்கும். படிக்காமல் ஒரு சொட்டுகூட ஊற்ற விடாதீர்கள்.

கேள்வி: பில் இல்லை, வாரண்டி கிடைக்குமா?

பதில்: பில் பற்றி மேலே சொல்லிவிட்டேன். தயவுசெய்து படித்துவிட்டுக் கேளுங்கள். இன்னும் எட்டுப் பேர் இதையே கேட்டிருக்கிறீர்கள்.

கேள்வி: இ-பைக் பேட்டரி ஒரு வருடத்தில் பாதிதான் ஓடுகிறது.

பதில்: என் துறை இல்லை. பேட்டரி தெரிந்தவரிடம் கேளுங்கள், நீங்களாகப் பிரிக்க வேண்டாம்.

சென்னைக்காரர்: சார், மூன்று படமும் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: பார்த்தேன், பெரிதாக்கியும் பார்த்தேன். வெல்டிங் சுத்தமாக இருக்கிறது. கீறல் குழாயின் பின்பக்கம் தொடங்கியிருக்கிறது, பாதிக்கு மேல் கருப்பு. சீட் போஸ்ட்டைப் பாருங்கள். உள்ளே இருந்த இடத்தில் உரசிய தடம் அடியிலிருந்து மேலே வந்து, குறைந்தபட்சம் இதுவரை உள்ளே போக வேண்டும் என்ற கோட்டுக்கு இரண்டு விரற்கடை கீழேயே நின்றுவிட்டது. அதாவது போஸ்ட்டை அளவுக்கு மீறி உயர்த்தியிருக்கிறீர்கள். அதன் அடிமுனை இரண்டரை வருடமாக அந்த ஒரே இடத்தில் குழாயை நெம்பியிருக்கிறது. நான் அந்தப் பழைய வேலையில் இருந்திருந்தால் 'கொடுக்க முடியாது' என்றுதான் எழுதியிருப்பேன். வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியாது.

வாரண்டி என்று கேட்காமல், ஃப்ரேமை மட்டும் சலுகை விலையில் தருவீர்களா என்று எழுதுங்கள். இந்தப் படங்களையும் மறைக்காமல் வையுங்கள். உங்கள் உயரம் 183 செ.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள், அந்த ஃப்ரேம் உங்களுக்குச் சின்னது. விற்கும்போதே கடைக்காரர் சொல்லியிருக்க வேண்டும், அதையும் கடிதத்தில் எழுதுங்கள். ஃப்ரேம் கிடைத்தால் ஒரு அளவு பெரியதாகக் கேளுங்கள். போஸ்ட்டைக் கோடு மறையும் வரை இறக்கிப் பூட்டுங்கள்.